வாசகர் கேள்வி – பதில்: மூன்று துறை, ஒரு மேஜர்

வரலாறு, இலக்கியம், தத்துவம், சமயம், கலை வரலாறு, மொழி. இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்து ஹியூமானிட்டீஸ் என்று ஒரே மேஜராக, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடமாக, படிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: பள்ளியின் கடைசி வகுப்பில் இருக்கிறேன். வரலாறு, கவிதை, தத்துவம் மூன்றும் பிடிக்கும்; எதையும் விட மனசில்லை. பல துறை மேஜர் எனக்கு ஒத்துவருமா? டபுள் மேஜரிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

பதில்: எதையும் விட மனசில்லை என்பது மட்டுமே காரணம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். டபுள் மேஜரில் இரண்டு துறைகளின் கட்டாயப் பாடங்களையும் தனித்தனியாக முடிக்க வேண்டும். அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பல துறை மேஜரில் கட்டாயப் பாடங்கள் குறைவு. பெரும்பாலானவற்றை நீங்களே பொறுக்குகிறீர்கள். ஆனால் பொறுக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், கடைசி ஆண்டில் அவை எல்லாம் ஒரு தீசிஸில் (ஆய்வேட்டில்) வந்து சேர வேண்டும். சேரவில்லை என்றால் நான்கு வருடம் நுனிப்புல் மேய்ந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதல் இரண்டு செமஸ்டரில் மூன்று துறையிலும் ஒவ்வொரு அறிமுகப் பாடம் எடுங்கள். எந்த வாசிப்புப் பிடித்தது என்று பார்க்க வேண்டாம்; வாசிப்பு எல்லாமே பிடிக்கும். எந்தத் துறையின் கட்டுரையைத் திருத்தி எழுதச் சொன்னபோது சலிப்பில்லாமல் உட்கார்ந்தீர்கள் என்று பாருங்கள். அதுதான் உங்கள் அடித்தளத் துறை. அது தெரிந்த பிறகு மேஜரை அறிவித்தால் போதும்.

கேள்வி: "மனிதனும் இயற்கையும்" என்ற தலைப்பில் மேஜர் ப்ரொபோசல் கொடுத்தேன். "மிகவும் பரந்தது" என்று குழு திருப்பிவிட்டது. எப்படிச் சுருக்குவது?

பதில்: குழுவின் மீது தவறில்லை. அந்தத் தலைப்பின் கீழ் கல்லூரியின் பாதிப் பாடங்களைக் கொண்டுவந்துவிடலாம். எதையும் உள்ளே விடும் தலைப்பு, எதை எடுப்பது எதை விடுவது என்று உங்களுக்குச் சொல்லாது.

இடம், காலம், கையில் கிடைக்கும் சான்று, இந்த மூன்றையும் வைத்துச் சுருக்குங்கள். உங்கள் தலைப்புக்கே ஒரு உதாரணம். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். காலையில் நிலநடுக்கத்தில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் குலுங்கியது, பின்னாலேயே கடல் ஊருக்குள் வந்தது, அதன் பிறகு நாள்கணக்கில் தீ. ஏன் நடந்தது என்ற கேள்விக்கு வந்த பதில்களைப் பாருங்கள். பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர் பங்குத் தந்தையருக்கெல்லாம் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்: எவ்வளவு நேரம் ஆடியது, எத்தனை பேர் இறந்தார்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா? இயேசு சபைப் பாதிரியார் மலாக்ரிடா இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று துண்டுப் பிரசுரம் போட்டார். 'எல்லாம் நன்மைக்கே' என்ற தத்துவத்தைச் சாடி பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் நீண்ட கவிதை எழுதினார். 1756 ஆகஸ்டில் தத்துவவாதி ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடுகளை இருபதாயிரம் என்று ஒரே இடத்தில் குவித்தது இயற்கையா என்று திருப்பிக் கேட்டார். அதே ஆண்டில் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் நிலநடுக்கத்தின் இயற்கைக் காரணங்களைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதினார்.

இப்போது தலைப்பை இப்படி மாற்றலாம்: "லிஸ்பன் அழிவுக்கு யார் பொறுப்பு என்பதில் அரசும் தேவாலயமும் தத்துவவாதிகளும் 1755 முதல் 1761 வரை எங்கே முரண்பட்டார்கள்?" 1761 ஏன்? மலாக்ரிடாவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஆண்டு அது. காலவரம்பை முழு நூற்றாண்டாக வைப்பதை விட இப்படி ஒரு நிகழ்வில் முடித்தால், ஏன் இங்கே நிறுத்தினாய் என்று கேட்டால் பதில் இருக்கும்.

தலைப்பு தேறுமா என்று பார்க்க மூன்று சோதனைகள். ஒன்று, அது கேள்விக்குறியில் முடிகிறதா? "18ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸ்" என்று எழுதுபவர்கள் இங்கேயே விழுகிறார்கள்; இடமும் காலமும் இருக்கிறது, கேள்வி இல்லை. இரண்டு, உங்களுக்குத் தெரிந்த மொழியில் படிக்கக் கிடைக்கும் மூல ஆவணம் மூன்றையாவது பெயர் சொல்ல முடியுமா? மூன்று, ஒரு துறையை எடுத்துவிட்டாலும் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறதா? வந்துவிட்டால் அந்தத் துறை வெறும் அலங்காரம். லிஸ்பன் கேள்வியில் சமயத் துறையை எடுத்துவிட்டால் மலாக்ரிடாவைப் படிக்க ஆளில்லை. ஓவிய வரலாற்றை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது. அப்படியானால் அது வேண்டாம், எவ்வளவு பிடித்திருந்தாலும்.

கேள்வி: கிரெடிட்டை எப்படிப் பிரிப்பது?

பதில்: மொத்தம் 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) உள்ள பட்டப் படிப்பில் மேஜருக்கு 36 முதல் 42 வரை வரும் என்று வைத்துக்கொள்வோம். 42இல் எங்கள் பரிந்துரை: அடித்தளத் துறையில் 15, மற்ற இரண்டு துறைகளில் தலா 9, ஆய்வுமுறைப் பாடத்துக்கு 3, தீசிஸுக்கு 6. மூன்றையும் சமமாகப் பிரித்து 14, 14, 14 என்று போடுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எந்தத் துறையிலும் மேல்நிலை செமினார் வரை போக முடியாது. அடித்தளத்தின் ஐந்து பாடங்களில் குறைந்தது இரண்டு மேல்நிலையில் இருக்கட்டும்.

திட்டம் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மேல்நிலைப் பாடத்துக்கு முன்தேவைப் பாடம் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது ஒன்று. 9 கிரெடிட் என்று நினைத்த துறை, முன்தேவையைச் சேர்த்தால் 15 ஆகிவிடும். துறைத் தலைவர் எழுத்தில் விலக்குத் தரலாம். வாய்மொழி விலக்கைப் பதிவாளர் அலுவலகம் ஏற்காது. இன்னொன்று, ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் மட்டுமே நடக்கும் பாடங்கள். கையேட்டில் பெயர் இருக்கும், வகுப்பு இருக்காது. கடந்த நான்கு வருட வகுப்பு அட்டவணையை வாங்கி, ஒவ்வொரு பாடமும் எந்தெந்த செமஸ்டரில் நடந்தது என்று குறித்துக்கொண்டு பிறகு திட்டம் போடுங்கள். ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் ஒரு மாற்றுப் பாடத்தையும் ப்ரொபோசலிலேயே எழுதிவிட்டால், பிறகு மனு மேல் மனுவாகப் போட வேண்டியிராது.

கேள்வி: மொழிபெயர்ப்புகள் இவ்வளவு இருக்கும்போது இன்னொரு மொழி கட்டாயம் படிக்க வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்வி எதில் தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சட்ட வரலாற்றையோ பொது வாதங்களையோ மொழிபெயர்ப்பில் ஓரளவு படிக்கலாம். ஒரு சொல்லை வைத்து வாதிடப்போகிறீர்கள் என்றால் முடியாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் ஆட்சியைப் போப்பாண்டவருக்குக் கொடுத்ததாகச் சொன்ன ஆவணம் போலி என்று 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா எழுதியது மொழியறிவின் பலத்தில்தான். 4ஆம் நூற்றாண்டு ரோம் அதிகாரிகளை அந்த ஆவணம் 'சத்ரப்' என்கிறது; அது பாரசீக ஆளுநர்களின் பட்டம். அக்காலத்து ரோமில் யாரும் அப்படி அழைக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் 'ஆளுநர்' என்று மாறியிருந்தால் வாதமே கைநழுவிப் போயிருக்கும்.

படிப்பதாக முடிவெடுத்தால் முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். இரண்டு செமஸ்டரில் இலக்கணம் முடியும். அகராதியை வைத்துக்கொண்டு மூலத்தைப் படிக்க நான்கு ஆகும். மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் தீசிஸ் முடிந்த பிறகுதான் படிக்கத் தெரியும்.

கேள்வி: வாரம் 300 பக்கம் வாசிப்பு. முடியவில்லை. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: 300 பக்கத்தையும் ஒரே வேகத்தில் படிப்பதில்லை, அவ்வளவுதான். மூல நூலை முழுக்கப் படியுங்கள், முடிந்தால் இரண்டு முறை. ஆய்வு நூல் என்றால் முன்னுரை, முடிவுரை, ஒவ்வொரு இயலின் முதல் இரண்டு பத்தி, பிறகு உங்கள் கேள்வியைத் தொடும் இயல் மட்டும் முழுதாக. தத்துவத்தில் 20 பக்கம் மூன்று மணி நேரம் விழுங்கினால் உங்களிடம் குறையில்லை, அது அப்படித்தான்.

ஒவ்வொரு வாசிப்புக்கும் அரைப்பக்கக் குறிப்பு: ஆசிரியரின் வாதம், அதற்குக் காட்டும் சான்று, யாரை மறுக்கிறார், பக்க எண். பக்க எண் இல்லாத குறிப்பு கடைசி ஆண்டில் குப்பைக்குத்தான் போகும். நூலின் வரியை அப்படியே எடுத்தெழுதினால் அப்போதே மேற்கோள் குறி போடுங்கள். இரண்டு வருடம் கழித்து அது யார் வரி என்று உங்களுக்கே நினைவிருக்காது. வேண்டுமென்றே திருடாதவர்களும் கருத்துத் திருட்டுப் புகாரில் மாட்டுவது இந்த வழியில்தான்.

கேள்வி: ஒரே கட்டுரையை வரலாற்றுப் பேராசிரியர் "சான்று போதாது" என்கிறார், இலக்கியப் பேராசிரியர் "சான்று அதிகம், வாசிப்பு இல்லை" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். மேலே சொன்ன ரூசோ கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரலாற்றுக்காரருக்கு அதன் தேதி, பெறுநர், தனிக் கடிதமாக இருந்தது எப்போது அச்சுக்கு வந்தது, அதற்கு முன் யார் யார் கையில் போனது என்பதெல்லாம் வேண்டும். தத்துவத்துறைக்காரர் ஒரு துன்பத்துக்கு மனிதச் செயல் காரணம் என்று காட்டிவிட்டால் கடவுளின் பொறுப்பு நீங்கிவிடுமா என்று வாதத்தின் கண்ணிகளை எண்ணுவார். வால்டேரைப் புகழ்ந்துகொண்டே குத்தும் அந்தத் தொனி இலக்கியத்துக்காரரை இழுக்கும். மூன்றையும் ஒரே பத்தியில் செய்யப் போனால் மூவருக்கும் அரைகுறையாகத் தெரியும்.

ஒரு பிரிவில் ஒரு முறையை மட்டும் பயன்படுத்துங்கள். பிரிவின் முதல் வரியிலேயே இங்கே என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு முறைகளின் முடிவும் ஒத்துப்போகாத இடம் வந்தால் அதை மூடி மறைக்காதீர்கள். பல துறைக் கட்டுரையில் நன்றாக இருக்கும் பத்தி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கிடைக்கும்.

அடிக்குறிப்புச் சண்டையும் இதோடு சேர்ந்தே வரும். இலக்கியத் துறையில் எம்எல்ஏ முறை, அதாவது அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும். வரலாற்றில் சிகாகோ முறை அடிக்குறிப்பு. ஆவணக் காப்பகத்தில் எடுத்தது ஒன்றாவது இருந்தால் சிகாகோவுக்குப் போய்விடுங்கள். காப்பகம், தொகுப்பு, பெட்டி எண், ஏட்டு எண், அதன் முன்பக்கமா பின்பக்கமா என்பதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் அடைக்க முடியாது. ஜோடெரோ என்ற இலவச மென்பொருளில் விவரங்களை ஒருமுறை ஒழுங்காகப் பதிந்துவிட்டால் முறையை மாற்றுவது ஒரு நிமிட வேலை. காப்பக விவரத்தை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் கணக்கு நன்றாக வரும். இந்தப் படிப்பில் அதற்கு இடமுண்டா?

பதில்: தாராளமாக. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787-88இல் வெளிவந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 12ஐ எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்று நீண்டகாலம் சர்ச்சை. மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தை விட்டுவிட்டுச் சின்னச் சொற்களை எண்ணினார்கள். 'அபான்' (upon, 'மேல்') என்ற சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்குச் சுமார் மூன்று முறை எழுதுவார். மேடிசனிடம் அது அபூர்வம். முடிவு மேடிசன் பக்கம் போனது. பொருளைத் தாங்கும் சொற்களை எண்ணியிருந்தால் இவ்வளவு தெளிவு கிடைத்திருக்காது. 'போர்', 'வரி' போன்றவை தலைப்புக்கேற்ப மாறும். சின்னச் சொற்கள் ஆளோடு ஒட்டியிருக்கும்.

எண்ணுவதற்கு முன் ஒன்று. பழைய நூல்களின் வருடிய பிரதியில் ஓசிஆர் பிழைகளை, அதாவது படத்திலுள்ள எழுத்தை இயந்திரம் தவறாகப் படித்த இடங்களை, பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் நீளமாக எழுதப்பட்ட 'எஸ்' எழுத்தை இயந்திரம் 'எஃப்' என்று படித்துவிடும். எங்காவது பத்துப் பக்கம் எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பிழையை எண்ணுங்கள். நூறு எழுத்துக்கு 2 பிழை என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். ஐந்தெழுத்துச் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று கெட்டிருக்கும். அரிதான சொல்லை எண்ணி வாதிட அந்தப் பிரதி உதவாது. அட்டவணைக்குக் கீழே பிழை விகிதத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள், தேர்வாளர் கேட்கும் முன்பே.

கேள்வி: ஏஐ கருவியிடம் மேற்கோள் பட்டியல் கேட்கலாமா?

பதில்: இல்லாத கட்டுரையை உள்ள ஆசிரியர் பெயரில் அவை தரக்கூடும். நூலகத்தில் கண்ணால் பார்க்காத எதையும் அடிக்குறிப்பில் ஏற்றாதீர்கள். கல்லூரி விதி என்ன என்பதை ஒவ்வொரு பாடத்தின் சிலபஸிலும் தனித்தனியாகப் பாருங்கள். துறைக்குத் துறை மாறும்.

கேள்வி: மகள் இந்த மேஜரை எடுக்கப் பிடிவாதமாக இருக்கிறாள். வேலைக்கு என்ன வழி என்று ஒரு தகப்பனாகக் கேட்கிறேன். மழுப்பாமல் சொல்லுங்கள்.

பதில்: மழுப்பாமலே சொல்கிறோம். பட்டத்தின் பெயரைப் பார்த்ததும் வேலை தருபவருக்கு ஒன்றும் புரியாது. கணக்குப்பதிவியல், செவிலியர் போல இந்தப் பெயருக்கென்று காத்திருக்கும் வேலை கிடையாது. எழுத்து, பதிப்பு, காப்பகம், அருங்காட்சியகம், கொள்கை ஆய்வு, மொழிபெயர்ப்பு, இதழியல் போன்றவற்றுக்கு வழி இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் செய்த வேலையைக் காட்டச் சொல்வார்கள், பட்டத்தை அல்ல.

முன்கூட்டியே பார்க்க வேண்டிய கதவு இரண்டு. பள்ளி ஆசிரியர் உரிமம் பல இடங்களில் 'இன்ன பாடத்தில் இத்தனை கிரெடிட்' என்று கேட்கும். மூன்று துறையில் பிரிந்து கிடக்கும் கிரெடிட் எதிலும் போதாமல் போகலாம். முதுநிலைப் படிப்புக்கும் அதே சிக்கல். வரலாற்றில் எம்ஏ சேர வரலாற்றுப் பாடங்களில் ஒரு குறைந்தபட்ச அளவு கேட்பார்கள். அவளுக்கு அதில் எதிலாவது நாட்டம் இருந்தால், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அந்த விதியை எடுத்துப் பார்த்து அடித்தளத் துறையின் 15ஐத் தேவைக்கேற்ப உயர்த்தச் சொல்லுங்கள். கடைசி ஆண்டில் தெரிந்தால் கூடுதல் ஒரு வருடம், கூடுதல் கட்டணம்.

மற்றபடி, ரெஸ்யூமேயில் மேஜர் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கட்டும்: ஆய்வுக் கேள்வி, கற்ற மொழி, பயன்படுத்திய முறை. பதினைந்து பக்க எழுத்து மாதிரி ஒன்று தயாராக இருக்கட்டும். பரிந்துரைக் கடிதத்துக்கு, அவளை இரண்டு பாடங்களிலாவது பார்த்த ஆசிரியர் வேண்டும். துறை மாறிக்கொண்டே இருக்கும் மாணவர்களுக்கு இதுதான் வாய்க்காமல் போகிறது. எல்லாப் பேராசிரியருக்கும் ஒரு செமஸ்டர்தான் தெரியும். ஒருவரிடமாவது மறுபடி பாடம் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தீசிஸ் 10,000 முதல் 15,000 சொற்கள். இரண்டு செமஸ்டர் இருக்கிறது. எப்போது எழுதத் தொடங்கலாம்?

பதில்: பலர் நினைப்பதை விட முன்னால். முதல் செமஸ்டரின் ஆறாவது வாரத்தில் 1,500 சொல்லில் ஒரு மூல ஆவணத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள், முன்னுரை வேண்டாம். முன்னுரையிலிருந்து தொடங்குபவர்கள் "துறைகளின் எல்லை" பற்றி இருபது பக்கம் எழுதிவிட்டு ஆவணத்துக்கே வந்திருக்க மாட்டார்கள். செமஸ்டர் முடிவில் இரண்டு பிரிவின் கரடு வரைவு. இரண்டாம் செமஸ்டரின் நான்காவது வாரத்தில் முழு வரைவு, அதன் பிறகு திருத்தம் மட்டும். முன்னுரை கடைசியில். வேறு நாட்டுக் காப்பகத்திலிருந்து நகல் வேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஆகலாம். முந்தின விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் அட்வைசர் அடுத்த ஆண்டு விடுப்பில் போகிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்ய?

பதில்: அவர் போகும் முன் மூன்று பொருள் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒப்புதல் அளித்த பாடப்பட்டியலில் தேதியிட்ட கையெழுத்து, தீசிஸ் கேள்வியை ஏற்றதாக ஒரு மின்னஞ்சல், பொறுப்பேற்கப்போகும் பேராசிரியரின் பெயர். பொறுப்பேற்பவர் உங்கள் அடித்தளத் துறையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். இரண்டாம் துறைக்காரரிடம் போனால் தீசிஸின் மையமே அவர் பக்கம் நகரும். பாதியில் அதைத் தாங்க உங்களுக்கு நேரமிருக்காது. பட்டியலின் ஒரு நகலைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.